‘செயின்மெயில்’ விதிகளில் ஒரு நாயகனை வீழ்த்த நான்கு வெட்டுகளும் ஒரே சுற்றில் விழ வேண்டுமா?

ஈயவீரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதி 1971இல் கைடான் கேம்ஸ் வெளியிட்ட ‘செயின்மெயில்’ என்ற, பொம்மைப் படைகளை மேசையில் மோதவிடும் விளையாட்டின் விதிநூலை மின்பதிப்பாக அண்மையில் வாங்கிப் படித்து வருகிறேன். பாத்திரமேற்று ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டைப் பல ஆண்டுகளாக ஆடுகிறேன் என்பதால், அதற்கு மூன்று ஆண்டுகள் மூத்த இந்த நூலின் இறுதியில் உள்ள ஃபேன்டஸி (மாய உலகக் கற்பனை) இணைப்பில்தான் அந்த ஆட்டத்தின் வேர் இருக்கிறது என்று அறிந்து ஆவலோடு அதைத் திறந்தேன். மந்திரவாதி, டிராகன், எல்ஃப், டுவார்ஃப் எனப் பழகிய முகங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவர்களை வைத்து ஒரு சண்டையை எப்படி நடத்துவது என்பதுதான் பிடிபடவில்லை.

என் முதல் ஐயம் அந்த இணைப்பில் வரும் நாயகன் (ஹீரோ) என்னும் தனிச்சிறப்புள்ள வீரனைப் பற்றியது. அவன் நான்கு பேருக்கு நிகராகப் போரிடுவான் என்கிறது நூல். சாதாரண வீரர்கள் அவனைத் தாக்கினால், ஒரே நேரத்தில் நான்கு கொல்லும் வெட்டுகள் விழுந்தால்தான் அவன் மடிவான் என்றும், இல்லையென்றால் அவனுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்றும் அடுத்துச் சொல்கிறது. ஒரு சுற்றில் இரண்டு, மறு சுற்றில் இரண்டு என்று கூட்டிக் கொள்ளக் கூடாதா? கூடாதென்றால் அவனைக் கொல்லவே முடியாது போலிருக்கிறதே!

அடுத்தது, ஒரே நூலில் மூன்று விதமான சண்டை முறைகள் இருப்பது. படைகள் மோதும் பட்டியல் ஒன்று, ஆளுக்கு ஆள் மோதும் பட்டியல் ஒன்று, ஃபேன்டஸிப் பட்டியல் ஒன்று. எதை எப்போது எடுப்பது என்று விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். என்னிடம் உலோகப் பொம்மைகள் ஏதும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மேசைக்களம் எழுதிய பதில்:

வணக்கம் நண்பரே. நாயகனைப் பற்றிய உங்கள் வாசிப்பு முற்றிலும் சரி. நான்கும் ஒரே சுற்றில் விழ வேண்டும். மூன்று விழுந்தால் அவை வீண்தான், அடுத்த சுற்றுக்குப் போகாது. அடி விழ விழக் குறையும் உயிர்ப்புள்ளிகளைக் கணக்கெடுத்தே பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றுவது இயல்பே. இந்த நூலைப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் கண்ணோடு படிக்காமல், இடைக்காலப் படைகளுக்கான போர்விதிகளின் கண்ணோடு படித்தால்தான் இது விளங்கும். படைவிதியில் ஒரு பொம்மை மேசையில் இருக்கும், இல்லையேல் எடுக்கப்படும். காயத்தோடு நிற்கும் நிலை என்று ஒன்று அங்கே கிடையாது. இருபது வீரர்களைக் குறிக்கும் ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியே காயக்கணக்கு எழுதினால் ஆட்டம் நகராது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நம் நாயகன் கவசக் காலாளாகத் தரையில் நிற்கிறான் என்று கொள்ளுங்கள். இலகு காலாட்கள் கவசக் காலாட்களைத் தாக்கும்போது மூன்று பொம்மைக்கு ஒரு பகடை உருட்டுவார்கள். ஆறு விழுந்தால்தான் ஓர் எதிரி சாவான். ஆகவே நான்கு பகடைகள் கிடைக்கவே பன்னிரண்டு பொம்மைகள் அவனோடு மோத வேண்டும். அந்த நான்கிலும் ஆறு விழும் வாய்ப்போ 1296இல் ஒன்று. இதே நாயகனைக் கனக் குதிரைவீரனாகச் சேணத்தில் ஏற்றிவிட்டு அந்த இலகு காலாட்களின் மீது பாயவிட்டால், பொம்மைக்கு நான்கு பகடை, நால்வருக்கு நிகர் என்பதால் பதினாறு பகடைகள் அவனுக்குக் கிடைக்கும். ஐந்தோ ஆறோ விழுந்தால் சாவு என்பதால் ஒரே சுற்றில் சராசரியாக ஐந்து பொம்மைகள் மேசையை விட்டுப் போகும்.

அவனைக் கொல்லவே முடியாதா என்று கேட்டீர்கள். சாதாரணப் படையால் கொல்வது மிக அரிதுதான், அதுவே நூலின் நோக்கமும். நாயகனை வீழ்த்த இன்னொரு நாயகனையோ, டிராகனையோ, மந்திரவாதியையோ அனுப்ப வேண்டும். உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. படை படையோடு மோதினால் முதல் பட்டியல். படைக்கும் நாயகனுக்கும் இடையே மோதல் என்றாலும் அதே பட்டியல்தான். நாயகனை நான்கு பொம்மையாக எண்ணிக்கொள்ள வேண்டும். நாயகனும் அவனுக்கு ஈடான ஓர் உயிரும் தனியே மோதும்போது மட்டும் ஃபேன்டஸிப் பட்டியலை எடுத்து, இரண்டு பகடைகளை உருட்டிக் கூட்டுத்தொகையைப் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஆள் பட்டியல் வேறு அளவைச் சேர்ந்தது: ஒரு பொம்மைக்கு ஒரு மனிதன் என்று வைத்துக் கோட்டை முற்றுகை போன்ற சிறு சண்டைகளை ஆடுவதற்கானது. தொடக்கத்தில் அந்தப் பக்கத்தை மூடியே வைத்திருங்கள்.

பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒரு வரியையும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். நாயகன் எந்தப் படைப்பிரிவோடு நிற்கிறானோ, அந்தப் பிரிவின் பகடையில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். ஆறு மட்டுமே கொல்லும் பிரிவுக்கு இனி ஐந்தும் கொல்லும். அதாவது அந்தப் பிரிவின் கொல்லும் ஆற்றல் அப்படியே இரட்டிப்பாகிறது. அஞ்சிப் பின்வாங்குவானா என்று பார்க்கும் மன உறுதிச் சோதனையும் நாயகனுக்குக் கிடையாது. அவன் தனியே ஓடிப்போய்ச் சாகசம் செய்வதைவிடத் தன் அணியின் நடுவில் நிற்பதே பெரும்பாலான வேளைகளில் அவனுடைய தலைவனுக்கு ஆதாயம். இதை மேசையில் ஆடிப் பார்க்கும்போதுதான் கைகாக்ஸ் எதை உருவாக்க முயன்றார் என்பது புலப்படும். அவர் எழுதியது ஒரு தனிமனிதனின் கதையை அன்று, அத்தகைய மனிதர்கள் கலந்துகொண்ட ஒரு போரை.

மந்திரவாதியும் அப்படித்தான். அவன் எறியும் நெருப்புக் கோளம் விழும் பரப்பு பெரிய கவண்பொறிக்கு உரியது. மின்னல் வீச்சின் பரப்பு கனரகப் பீரங்கிக்கு உரியது. இரண்டுக்கும் தொலைவு 24 அங்குலம். முற்றுகைக் கருவிகளுக்கு ஏற்கெனவே எழுதி வைத்திருந்த விதிகளை எடுத்து ஒரு தாடிக்காரரின் கையில் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இந்தச் சிக்கனம் மிகவும் பிடிக்கும்.

பழைய ஏடு எழுதியது:

மேலே உள்ள விளக்கத்தோடு வரலாற்றுச் செய்தி ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் இந்த இணைப்பு வெறும் வெளியிலிருந்து தோன்றியதன்று.

இடைக்காலப் படைவிதிகளின் முதல் வடிவம் ஜெஃப் பெரனுடையது. விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் கைகாக்ஸும் அவருடைய நண்பர்களும் 40 மில்லிமீட்டர் எலாஸ்டோலின் பொம்மைகளை மணல்மேசையில் நிறுத்தி அவற்றை ஆடினார்கள். எலாஸ்டோலின் ஜெர்மானியத் தயாரிப்பு. டிராகன் பொம்மை அன்று கடையில் கிடைக்காது என்பதால், பிளாஸ்டிக் டைனோசர் பொம்மையை மாற்றியமைத்து டிராகனாக்கிக் கொண்டதைக் கைகாக்ஸே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். உங்களிடம் பொம்மைகள் இல்லை என்று தயங்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஃபேன்டஸி இணைப்புக்கு முன்னோடி ஒன்று உண்டு. நியூ இங்கிலாந்து வார்கேமர்ஸ் அசோசியேஷனைச் சேர்ந்த லெனார்ட் பாட் என்பவர், எழுத்தாளர் டோல்கீனின் கற்பனை உலகான மத்திய பூமியின் போர்களை மேசையில் ஆடுவதற்காக மிகச் சுருக்கமான விதிகளை எழுதினார். அவை 1970இல் அந்தச் சங்கத்தின் ‘தி கூரியர்’ இதழில் அச்சாயின. நாயகனும் எதிர்நாயகனும் மந்திரவாதியின் நெருப்புக் கோளமும் அதிலேயே வந்துவிட்டன. பல பத்தாண்டுகள் யாருடைய நினைவிலும் இல்லாமல் கிடந்த அந்தப் பக்கங்களை, இவ்விளையாட்டுகளின் வரலாற்றை ஆராயும் ஜான் பீட்டர்சன் 2016இல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, ‘செயின்மெயில்’ இணைப்போடு ஒப்பிட்டுக் காட்டினார். ஒற்றுமைகள் தற்செயலானவை என்று சொல்ல முடியாத அளவுக்கு நெருக்கமானவை. ஆனால் ‘செயின்மெயில்’ நூலில் லெனார்ட் பாட்டின் பெயர் இல்லை. அக்காலத்தில் சங்க இதழ்களில் வந்த விதிகளை ஒருவர் எடுத்து இன்னொருவர் வளர்ப்பது வழக்கமாக இருந்தது என்று சமாதானம் சொல்லலாம். என்றாலும் இன்று இந்த விதிகளைப் பற்றிப் பேசுபவர்கள் அவருடைய பெயரையும் சேர்த்துச் சொல்வதே முறை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

நீங்கள் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுபவர் என்பதால் இன்னொன்றும் உங்களுக்குச் சுவையாக இருக்கும். 1974இல் வந்த அதன் முதல் பதிப்பில் நான்காம் நிலைப் போர்வீரனுக்குப் பட்டம் நாயகன். எட்டாம் நிலையில் பெருநாயகன். நால்வருக்கு நிகர், எண்மருக்கு நிகர் என்று ‘செயின்மெயில்’ வகுத்த அளவேதான் அங்கே நிலைகளாக மாறியிருக்கிறது. நான்கு ஆள் வலிமை ஒரே கணத்தில் முறிய வேண்டும் என்ற விதி, சிறிது சிறிதாகத் தேயும் உயிர்ப்புள்ளியாக மாறியதும் அந்த இடைவெளியில்தான். முற்றுகையையும் களப்போரையும் விட்டு நிலவறைக்குள் நான்கைந்து பேர் நுழையத் தொடங்கியபின், ஒரே உருட்டலில் சாவு என்பதை ஆடுபவர்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

நாலாம்பகடை எழுதியது:

இருவரும் அருமையாக விளக்கியிருக்கிறீர்கள். ஆனால் புதிதாகத் தொடங்குபவரை ‘செயின்மெயிலுக்கு’ அனுப்புவதில் எனக்குத் தயக்கம் உண்டு. கைகலப்பு முடிந்ததும் வரும் மன உறுதிக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இழப்புகளின் வேறுபாட்டை ஒரு பகடையால் பெருக்கி, எஞ்சியவர்களின் வேறுபாட்டையும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய பொம்மைகளை அவரவர் மன உறுதி எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி இரு பக்கத்தையும் ஒப்பிட்டால்தான் யார் பின்வாங்குவது என்பது தெரியும். ஒரு மாலையில் இதைப் பலமுறை செய்வது அலுப்பூட்டும்.

பிரிட்டன் பக்கம் ஒரு தனி மரபு வளர்ந்தது. ரிச்சர்ட் ஹாலிவெல்லும் ரிக் பிரீஸ்ட்லியும் 1978இல் ‘ரீப்பர்’ விதிகளை எழுதினார்கள். அதே இருவர் பிரையன் ஆன்செலோடு சேர்ந்து 1983இல் சிட்டடெல் நிறுவனத்துக்காக எழுதியதுதான் ‘வார்ஹாமர்’ முதல் பதிப்பு, ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள். இவற்றைப் பெயரளவில் அறிந்திருந்தால் போதும். நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது 1991இல் பில் பார்க்கர், சூ லாஃப்ளின் பார்க்கர், ரிச்சர்ட் பாட்லி ஸ்காட் ஆகியோர் எழுதிய ‘ஹோர்ட்ஸ் ஆஃப் தி திங்ஸ்’. ஒவ்வொரு படையையும் 24 புள்ளிகளுக்குப் பிரிவுகளை வாங்கி அமைக்க வேண்டும். ஈட்டிப்படைக்கு இரண்டு, நாயகனுக்கோ டிராகனுக்கோ நான்கு, கும்பலுக்கு ஒன்று. தனிப் பொம்மைகளை எடுப்பதில்லை. ஒரு பிரிவு முழுதாக நிற்கும் அல்லது முழுதாகப் போகும். ஒவ்வொரு முறையும் ஒரு பகடை உருட்டி, விழும் எண்ணுக்கு ஏற்பவே பிரிவுகளை நகர்த்த முடியும் என்பதால், தளபதியின் கட்டளை எல்லோருக்கும் எட்டாத போர்க்களக் குழப்பம் தானாகவே வந்துவிடுகிறது. டிராகன் தொடக்கத்தில் களத்தில் இருக்காது. அந்தப் பகடையில் ஆறு விழும் முறைதான் பறந்து வரும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மேசைக்களம் மீண்டும்:

மன உறுதிக் கணக்கு நீளமானது என்பதை ஏற்கிறேன். ஆனால் அதை நீக்கிவிட்டால் ‘செயின்மெயிலின்’ உயிரே போய்விடும். கொன்றவர்களின் எண்ணிக்கையால் மட்டும் சண்டை முடிவதில்லை, அஞ்சி ஓடியவர்களாலும் முடிகிறது என்பதை அந்தக் கணக்குத்தான் மேசைக்குக் கொண்டுவருகிறது. நாயகன் அஞ்சாதவன் என்ற விதிக்கு மதிப்பு வருவதும் மற்றவர்கள் அஞ்சுவதால்தான். பகலொளியில் கோப்ளின்கள் தளர்வதும், வெவ்வேறு குலத்து ஓர்க்குகள் அருகருகே வந்தால் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ளக் கூடும் என்பதும் இதே வகையைச் சேர்ந்தவை. ‘ஹோர்ட்ஸ்’ நேர்த்தியான விளையாட்டு, மறுப்பில்லை. நண்பர் கேட்டதோ தமக்குப் பழகிய விளையாட்டின் வேரை. அந்த வேர் ‘செயின்மெயிலில்தான்’ இருக்கிறது.

ஈயவீரன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. லெனார்ட் பாட்டைப் பற்றி இதுவரை கேள்விப்பட்டதே இல்லை. அவருடைய விதிகளைப் பற்றிய ஆய்வைத் தேடிப் படிக்கிறேன். பொம்மைகளுக்குப் பதிலாக அட்டைத் துண்டுகளை வைத்து ஆடினால் அளவு விகிதங்கள் பிசகுமா? முதல் ஆட்டத்துக்கு எவ்வளவு படை போதும்?

மேசைக்களம்:

பிசகாது. தரையளவு ஓர் அங்குலத்துக்குப் பத்து கெஜம், ஒரு சுற்று ஒரு நிமிடம். இவை பொம்மையின் உயரத்தைப் பொறுத்தவை அல்ல. முக்கால் அங்குலச் சதுரமாக அட்டையை வெட்டி, ஒரு பக்கத்துக்கு ஒரு நிறம் தாருங்கள். பக்கத்துக்கு இருபது இலகு காலாட்கள், பத்துக் கன காலாட்கள், ஐந்து கனக் குதிரைகள் போதும். காலாட்கள் இருவகையினரும் ஒன்பது அங்குலம், கனக் குதிரைகள் பன்னிரண்டு அங்குலம் நகரும் என்பதால் சாப்பாட்டு மேசையே தாராளம்.

முதல் ஆட்டத்தில் மாயம் எதையும் சேர்க்க வேண்டாம். காலாட்களும் குதிரைகளும் மோதி, மன உறுதிக் கணக்கு கைக்குப் பழகிய பிறகு இரண்டாம் ஆட்டத்தில் ஆளுக்கொரு நாயகனைச் சேருங்கள். மந்திரவாதி மூன்றாவதாக வரட்டும். விதிநூல் பேசாமல் விட்ட இடம் ஏதேனும் வந்தால் எதிராளியோடு பேசி அங்கேயே முடிவெடுத்து, அதை நூலின் ஓரத்தில் எழுதிவையுங்கள். 1971இல் இதை வாங்கியவர்களும் அப்படித்தான் ஆடினார்கள்.