ஹமாமாட்சு: வார்டு பெயர் மாறியதால் வங்கிக் கணக்கு திறக்க முடியவில்லை

ஜப்பானில் ஷிசுவோகா மாகாணம், ஹமாமாட்சு நகரம், ஹோசோயேவில் குடியிருக்கிறேன். 2005-இல் ஹமாமாட்சுவோடு சேரும்வரை இது தனி ஊர். அப்புறம் கிட்டா வார்டு. 2024 ஜனவரி 1-இல் ஏழு வார்டுகளை மூன்றாகச் சுருக்கியபோது ஹமனா வார்டு.

என் சைரியூ கார்டு (வெளிநாட்டவருக்கான வசிப்பிட அட்டை) 2022-இல் வாங்கியது, அதில் கிட்டா என்றே இருக்கிறது. ஆன்லைன் வங்கி விண்ணப்பத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் ஹமனா என்று தானாக வருகிறது, திருத்த வழியில்லை. முகவரி பொருந்தவில்லை என்று போன மாதத்திலிருந்து நிராகரிக்கிறார்கள். புது ஜூமின்ஹியோவை (குடியிருப்புச் சான்று) இணைத்தேன், செயலியை விட்டுக் கணினியிலும் முயன்றேன், உதவி எண்ணிலும் பேசினேன். கார்டும் படிவமும் ஒன்றாக இருக்கணுமாம். வார்டு அலுவலகமோ பழைய கார்டே செல்லும் என்கிறது.

கிட்டா என்றுள்ள கார்டை வைத்து ஆன்லைனில் கணக்கு திறந்தவர்கள், கூடவே எந்த ஆவணத்தைக் கொடுத்தீர்கள்?