டெல்லி–டோக்கியோ: போவதற்கு ஒரு நேரம், வருவதற்கு ஒரு நேரமா?

கேள்வி:
வணக்கம். வரும் ஜனவரியில் டெல்லியிலிருந்து டோக்கியோவுக்குச் செல்லவிருக்கிறேன். இரு நகரங்களுக்கும் நேர்த்தொலைவு ஏறத்தாழ 5,850 கி.மீ. என்பதால், மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் ஆறரை மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று கணக்கிட்டேன். பயணச்சீட்டிலோ, இரவு 8 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 7 மணிக்கு இறங்குவதாகவும், திரும்பும்போது மாலை 6 மணிக்குக் கிளம்பி நள்ளிரவு 12 மணிக்கு வந்துவிடுவதாகவும் இருக்கிறது. போக 11 மணி நேரம், வர 6 மணி நேரம்தானா?

பதில் 1:
உண்மை அதற்கு நேர்மாறானது. சீட்டில் உள்ளவை அந்தந்த ஊர் நேரங்கள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதைக் கழித்தால் போக ஏழரை மணி நேரம்; திரும்பும்போது கூட்டினால் ஒன்பதரை மணி நேரம்.

பதில் 2:
அந்த இரண்டு மணி நேர வேறுபாட்டுக்குப் பெருங்காரணம் காற்று. மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கி.மீ.க்கும் மேல் வீசுவதுண்டு. (இதை 1920களிலேயே பலூன்களை ஏவி அளந்த ஜப்பானிய வானிலையாளர் ஓயிஷி வசாபுரோ, தம் அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டதால் வெளியுலகில் அதைக் கவனித்தவர் மிகச் சிலரே.) சென்ற குளிர்காலத்தில் நான் போனபோது இருக்கைத் திரையில் தரைவேகம் (தரையைப் பொறுத்து விமானம் நகரும் வேகம்) மணிக்கு 1,100 கி.மீ.யைத் தாண்டியது, திரும்புகையில் வெகுநேரம் 750ஐ ஒட்டியே நின்றது.

இன்னொன்று, 5,850 என்பது வரைபடத்துத் தொலைவு. அந்த நேர்க்கோடு திபெத்தியப் பீடபூமியின் மேல் செல்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் 10,000 அடிக்கு விரைந்து இறங்க வேண்டும். பயணிகளின் முகமூடிகளுக்குப் பெரும்பாலும் கால்மணி நேர அளவுக்கே ஆக்சிஜன் வரும். அங்கோ தரையே சராசரியாக 4,500 மீட்டர், அதாவது 14,000 அடிக்கும் மேல். ஆகவே வழக்கமாகத் தெற்கே விலகி, மியான்மர், தென்சீனம் வழியாகச் சுற்றிப் போகிறார்கள்.

பதில் 3:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அட்டவணை நேரம் என்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. வாயிலிலிருந்து பின்னகர்ந்தது முதல் மறுமுனை வாயிலில் நிற்பது வரை, ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம். எதிர்க்காற்று வலுத்த நாளில் வரும் பயணம் இன்னும் நீளலாம். டெல்லியில் இறங்கி வேறு விமானம் பிடிப்பதாக இருந்தால், இடைவெளியைத் தாராளமாக விடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. உள்நாட்டு விமானத்துக்கு நள்ளிரவு 1.30க்குத் தனிச்சீட்டு எடுத்து வைத்திருந்தேன். குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது எல்லாம் அதற்குள் முடியாது என்பதால் காலை விமானத்துக்கு மாற்றிக்கொள்கிறேன்.