8.10 வேனுக்கு முன்னாடி: ஆறரை மாசப் பாப்பா, மூணு வயசுப் பையன், வேலைக்குப் போகணும்

திருப்பூர்_அம்மா (கேள்வி)

வணக்கம்ங்க. பெரியவனுக்கு மூணு வயசு, பாப்பாவுக்கு ஆறரை மாசம். பனியன் கம்பெனி ஆபீஸில் மெர்ச்சண்டைசிங் பார்க்கிறேன். 26 வார லீவு முடிஞ்சு, கையில் இருந்த லீவையும் போட்டுத் தீர்த்துட்டு, இப்பத்தான் மூணு வாரமா போறேன். கம்பெனி வேன் தெருமுனைக்கு 8.10க்கு வரும்.

என் காலையை அப்படியே எழுதறேன். எங்கே தப்புன்னு பார்த்துச் சொல்லுங்க.

4.30க்கு எழுந்து காய் நறுக்கி, குக்கர் வைப்பேன். 5.45க்குப் பாப்பா முழிச்சிடுவா. பால் குடுத்துட்டு அத்தைகிட்ட விட்டுட்டு மறுபடி அடுப்படி. அத்தைக்கு முழங்கால் வலி, கீழே உட்கார்ந்து எழ முடியாது, கட்டில்லயே வச்சுப் பார்த்துக்குவாங்க. 6.30க்குப் பெரியவன் எழுந்ததும் என் முந்தானையைப் பிடிச்சா விடமாட்டான். பல்லு நான்தான் தேய்க்கணும், சட்டை நான்தான் மாட்டணும். அவங்கப்பாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட், 7.15க்கு வருவார். கார்ப்பரேஷன் தண்ணி வர்ற நாள்னா பிடிச்சு நிரப்பவே அரைமணி போயிடும்.

7.50க்கு நான் சேலை மாத்தறப்ப பாப்பா வீறிட ஆரம்பிச்சா நிறுத்தறதே இல்லை. தெருமுனை வரைக்கும் அந்தச் சத்தம் காதில் விழுது. வேனில் உட்கார்ந்தா பால் கசிஞ்சு ஜாக்கெட் நனையுது. அந்த நேரத்தில் வீட்டில் அவ பசியோட இருக்காளேன்னு நினைச்சா நெஞ்சை அடைக்குது. பாட்டில் வாங்கினோம், வாயில் வச்சதும் துப்பிடறா.

4 மணிக்கே எழுந்தா சரியாகுமா? ராத்திரி ரெண்டு தடவை பாலுக்கு எழறேன், அதுக்கு மேல உடம்பில் தெம்பு இல்லைங்க.

கோபி_டீச்சர்

கண்ணு, 4 மணிக்கெல்லாம் எழுந்திரிக்காதே. உன் கடிகாரத்தை ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தேன். பாப்பா 5.45க்கு முழிக்கிறா, 7.50க்கு வீறிடறா. நடுவில் ரெண்டு மணி நேரம். ஆறு மாசக் குழந்தை ஒரே மூச்சில் முழிச்சிருக்கிறது ஏறக்குறைய அவ்வளவுதான். நீ போறேன்னு தெரிஞ்சு அழறதா நினைச்சு நீ உருகறே. எனக்கென்னவோ அது தூக்கத்துக்கு அழற அழுகைன்னு படுது.

என் சின்னவளுக்கும் இப்படித்தான். நான் 7.40 பஸ்ஸைப் பிடிக்கணும், அவ 7.30க்கு ஆரம்பிப்பா. ரெண்டு மாசம் பஸ்ஸில் கண்ணைத் துடைச்சுக்கிட்டே போயிருக்கேன். ஒரு நாள் அம்மா 7.10க்கே அவளைத் தொட்டிலில் போட்டாங்க. நான் கிளம்பறப்ப தூங்கிக்கிட்டிருந்தா. அன்னிக்குத்தான் எனக்கு விளங்குச்சு.

அதனால நீ 7.20க்கு எல்லாத்தையும் அப்படியே விட்டுடு. உட்கார்ந்து பால் குடு, தொட்டிலில் போடு. அத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆட்டறதுக்குத் தோதா தொட்டில்ல ஒரு கயிறு கட்டி வை. கிளம்பறதுக்கு முந்தி நல்லா ஊட்டிட்டா வேனில் பால் கசியறதும் குறையும்.

இன்னொண்ணு. பெரியவன் முந்தானையைப் பிடிக்கிறது அடம் இல்லைம்மா. அவன் கண் முழிக்கறப்ப நீ அடுப்படியில் நிக்கறே, தங்கச்சி கட்டிலில் இருக்கா. 6.30க்கு அவன் எழுந்ததும் அடுப்பைச் சிம்மில் வச்சுட்டுப் போய் பத்து நிமிஷம் அவன் பக்கத்தில் படுத்துக்கோ. என் பெரியவனுக்கு நான் தினமும் வாசலில் எத்தனை அணில் வந்துச்சுன்னு கணக்குக் கேட்பேன். அதைச் சொல்லி முடிச்சதும் அவனே இறங்கிப் போவான்.

மதிய சமையலை ராத்திரிக்கு மாத்தணும்னு சொல்ல மாட்டேன், உனக்கு ராத்திரியும் ஓய்வில்லை. ஞாயிறும் புதனும் மாவாட்டி வச்சுடு. காலையில் இட்லி, அதுக்குத் தொட்டுக்க ஒண்ணு. மதியத்துக்குச் சோறும் ஒரு குழம்பும் போதும். பொரியல் இல்லைன்னா யாரும் கேட்க மாட்டாங்க, கேட்டா அவங்க செய்யட்டும்.

ஓய்வுபெற்ற_செவிலியர்

நான் கிராம சுகாதார செவிலியரா இருந்து ஓய்வு பெற்றவள். பாட்டிலைத் தூக்கிப் போடுங்கம்மா, கழுவறதும் கஷ்டம். சங்குலயோ, பாலாடைங்கற மூக்கு வச்ச சின்னக் கிண்ணத்துலயோ குடுக்கலாம். ஆறு மாசம் தாண்டிட்டதால சின்ன டம்ளர்லயே வாயை வச்சு உறிஞ்சப் பழகிடுவா. வீறிட்டு அழறப்ப எதை நீட்டினாலும் துப்புவா. லேசாப் பசிக்க ஆரம்பிக்கிறப்பவே குடுக்கச் சொல்லுங்க.

விடியற்காலையில் பால் நிறையச் சுரக்கும். 5.45க்கு ஒரு பக்கம் குழந்தை குடிக்கட்டும், அது முடிஞ்சதும் மறுபக்கத்தைக் கையால் பீய்ச்சி மூடி போட்ட சுத்தமான எவர்சில்வர் டம்ளரில் எடுத்து வையுங்க. வெளியே வச்சா 4 மணி நேரத்துக்குள்ள குடுத்துடணும். நம்ம ஊர் வெயிலுக்கு ஃப்ரிட்ஜ்தான் நல்லது. கதவில் வைக்காம உள்பக்கம் வையுங்க. 4 நாள் வரை தாங்கும்னாலும் அன்னன்னிக்கே தீர்த்துடுங்க, கரண்ட் போகும் வரும். சூடாக்க அடுப்பில் வைக்காதீங்க, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ள டம்ளரை இறக்கினால் போதும். குழந்தை குடிச்சு மீந்ததை அடுத்த வேளைக்கு வைக்க வேண்டாம்.

ஆறு மாசம் ஆயிட்டதால ரெண்டு மூணு வேளை மசிச்ச சாப்பாடு ஆரம்பிச்சிருக்கணும். முளைகட்டின ராகியில் பாலெடுத்துக் காய்ச்சிய கூழ், நெய் விட்டுக் குழைச்ச பருப்புச் சாதம். ஒரு வயசு வரைக்கும் தேன் கூடாது. பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாக் குடுக்காதீங்க.

கம்பெனியில் கேளுங்க. குழந்தைக்கு 15 மாசம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்ட தினமும் ரெண்டு இடைவேளை உண்டுன்னு சட்டத்திலேயே இருக்கு. யார்கிட்டயும் தயவா கேட்கற விஷயம் இல்லை இது.

ராஜபாளையம்_மில்காரன்

அக்கா, நானும் நைட் ஷிப்ட்காரன்தான், அதனால சொல்றேன். ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் படுத்தாலும் உடனே தூக்கம் வராது, மெஷின் சத்தம் காதுலயே இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் பையனைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, இட்லி ஊட்டறதை நான் எடுத்துக்கிட்டேன். முதல் வாரம் அவன் அம்மாவைத்தான் கேட்டு அழுதான். இப்ப கேட் சத்தம் கேட்டாலே துண்டை எடுத்துட்டு ஓடி வர்றான். அண்ணன்கிட்ட ஒரு தடவை வாய்விட்டுக் கேளுங்க. வீட்டில் என்கிட்டயும் கேட்டப்புறம்தான் எனக்கே தோணுச்சு.

திருப்பூர்_அம்மா

பன்னெண்டு நாள் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்குங்க. டீச்சரக்கா, நீங்க சொன்னதுதான் சரி. 7.20க்குத் தொட்டிலில் போட்டா 7.35க்கெல்லாம் தூங்கிடறா. பன்னெண்டு நாளில் மூணு நாள் மட்டும் அழுதா. அதில் ரெண்டு நாள் தண்ணி வந்த நாள், நான் குடத்தோட நின்னுக்கிட்டிருந்ததில் நேரம் தவறிப்போச்சு. அலாரத்தை 5 மணிக்கு மாத்திட்டேன்.

செவிலியர் அம்மா, பாலாடையை முதல் நாலு நாள் தட்டிவிட்டா. அஞ்சாம் நாள் அத்தை டம்ளரில் குடுத்துப் பார்த்திருக்காங்க, பாதி குடிச்சாளாம். அத்தை உடனே எனக்குப் போன் பண்ணினாங்க. கம்பெனியில் கேட்டதுக்கு ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் சாவியைக் குடுக்கறாங்க, 11க்கும் 3க்கும். அங்கே ஃப்ரிட்ஜ் இல்லை. ஐஸ் பேக் போட்ட டப்பாவில் எடுத்துட்டு வர்றேன்.

அவர்கிட்டயும் கேட்டேன். பையனோட பல்லு இப்ப அவர் பொறுப்பு. குளிக்க மட்டும் இன்னும் நான்தான் வேணுமாம்.

இனி ஒரே ஒரு சந்தேகம்தான். தண்ணி வர்ற நாள் முன்கூட்டியே தெரியறதில்லை, வந்தா 7 மணியை ஒட்டித்தான் வருது. அதையும் பாப்பா தூக்கத்தையும் எப்படிச் சமாளிக்கிறீங்க, இந்த ஊர்க்காரங்க யாராவது சொல்லுங்களேன்.