கொடைக்கானலில் தைல மர இலை அச்சு: பட்டில் பிடிக்கிறது, பருத்தியில் வெளுக்கிறது, காகிதம் ஒடிகிறது. உதவி தேவை

வட்டக்கானல் எழுதியது:

வணக்கம். கொடைக்கானலில் இலை அச்சுத் துணியும் நோட்டு அட்டையும் செய்கிறேன். இங்கே தைல மரத்துக்குப் பஞ்சமில்லை, ஒரு காற்றடித்தால் ரோடு முழுக்க இலைதான். அதனால் பெரும்பாலும் அந்த இலை, கூடவே கொஞ்சம் சில்வர் ஓக், சீகை. சமவெளியில் ஒரு பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முறையை அப்படியே செய்கிறேன்: ஈரத்துணியில் இலையைப் பரப்பி, பைப்பில் இறுக்கிச் சுருட்டி, நூலால் கட்டி, இட்லிக் கொப்பரையில் இரண்டு மணி நேரம் ஆவி.

பட்டில் மஞ்சள் கலந்த துரு நிறத்தில் நரம்பு நரம்பாக விழுகிறது. ஆனால் அதே கொப்பரையில் வைத்த பருத்தியில் ஏதோ டீ சிந்தின மாதிரி வெளிறிய கறை, ஒரு தடவை அலசினால் அதிலும் பாதி போய்விடுகிறது. கடுக்காய் போடு என்றார்கள், போட்டேன். கடுக்காய்த் துணியில் இலையை வைத்து, அன்னபேதித் (இரும்பு சல்பேட்) தண்ணீரில் நனைத்த இன்னொரு துணியை மேலே போர்த்திச் சுருட்டினால் இலையே தெரியவில்லை, துணி முழுக்கச் சாம்பல் நிறம் ஏறிவிட்டது.

காகிதம் தனிக் கவலை. அன்னபேதி சேர்த்து அச்சுப் போட்ட அன்று கருகருவென்று அவ்வளவு அழகாக இருந்த அட்டைகள், மழைக்காலம் கழித்து எடுத்துப் பார்த்தால் இலை இருந்த இடம் மட்டும் பழுப்பேறி, மடித்தால் ஒடிகிறது. இதை நம்பி வாங்கிப் போனவர்களுக்கு என்ன பதில் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சின்னாளப்பட்டி சாயம் எழுதியது:

தம்பி, பட்டும் கம்பளியும் புரதம், அதில் தைல மரச் சாயம் மார்டன்ட் (சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் பொருள்) இல்லாமலேயே ஒட்டும். பருத்தி அப்படியில்லை, அதற்குக் கைபிடிக்க ஏதாவது வேண்டும். முதலில் ஒன்று பாருங்கள், துணிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்சுகிறதா, முத்தாக நிற்கிறதா? நின்றால் நூலில் கஞ்சி அப்படியே இருக்கிறது, சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டுத் தண்ணீர் தெளிகிற வரை அலசுங்கள். இதை விட்டுவிட்டு அப்புறம் எது போட்டாலும் வீண்தான்.

பிறகு கடுக்காய், துணி எடையில் நூற்றுக்கு 15லிருந்து 20. காய்ந்ததும் படிகாரம் நூற்றுக்கு 15, அதோடு சலவை சோடா 2. படிகாரத்தைத் தனியாகக் கரைத்து, சோடாக் கரைசலைச் சிறிது சிறிதாக விடுங்கள், நுரைத்துக்கொண்டு மேலே எழும், பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். நுரை அடங்கிய பிறகு துணியைப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள்.

சாம்பல் ஏறியது ஏன் என்றால், கடுக்காய் துணியெங்கும் இருக்கிறது, மேலே போர்த்திய துணியில் அன்னபேதியும் எங்கும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கறுப்பு. நம்ம பழைய கடுக்காய் மையே அதுதானே. அதனால் கடுக்காய்த் துணிக்கு அன்னபேதிப் போர்வை வேண்டாம். இலையை மட்டும் மெல்லிய அன்னபேதித் தண்ணீரில் முக்கி, பழைய துணியில் ஒற்றி எடுத்து வையுங்கள். அப்போது கறுப்பு இலையோடு நிற்கும். லிட்டருக்கு ஒரு கிராம், இரண்டு கிராம் அன்னபேதி தாராளம், அதற்குமேல் போட்டால் இரும்பு துணியையே அரிக்கும்.

குன்னூர் கம்பளி எழுதியது:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு, அதைக் கீழே இருப்பவர்கள் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். கொடைக்கானல் 2,133 மீட்டர். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும், அதாவது உங்கள் கொப்பரை 93 டிகிரியிலேயே கொதிக்கிறது, எவ்வளவு விறகு தள்ளினாலும் அதைத் தாண்டாது. ஊட்டியில் இன்னும் கொஞ்சம் குறைவு. மேலே பருப்பு வேகத் தாமதமாகிற அதே காரணம். தைல மர இலை தடித்த தோல், மேலே மெழுகு, சூடும் நேரமும் நிறையக் கேட்கும். சமவெளியின் இரண்டு மணி நேரம் இங்கே போதாது, மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள், மூடியைச் சுற்றித் துணி கட்டி ஆவி போகாமல் பாருங்கள். இறக்கியதும் பிரிக்கவே கூடாது, மறுநாள் வரை அப்படியே ஆறட்டும்.

இலையையும் கவனியுங்கள். நம் மலைகளில் அதிகம் இருப்பது நீலகிரித் தைலம் எடுக்கிற குளோபுலஸ். இளங்கன்றின் இலை காம்பில்லாமல் எதிரெதிராக, சாம்பல் நீலத்தில், விரலால் தேய்த்தால் மெழுகுப்பொடி ஒட்டும். முதிர்ந்த இலை அரிவாள் மாதிரி வளைந்து பளபளக்கும். எனக்கு முதிர்ந்து விழுந்த இலைதான் நன்றாக வருகிறது, வெந்நீரில் ஊறவைத்து மெதுவாக்கிக்கொள்வேன். படங்களில் பார்க்கிற செக்கச்சிவந்த அச்செல்லாம் சினேரியா போன்ற வேறு வகைகளில் வருவது, அதுவும் பெரும்பாலும் பட்டிலும் கம்பளியிலும். குளோபுலஸை வைத்துப் பருத்தியில் அந்தச் சிவப்பை எதிர்பார்த்து மனம் நோக வேண்டாம். காவியும் பச்சை கலந்த பழுப்பும் வரும், அதுவே நன்றாகத்தான் இருக்கும்.

உங்களுக்குப் பக்கத்திலேயே மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, பாரத் மெரினோ ஆடு வளர்க்கிறார்கள். மலை இலைக்கு மலைக் கம்பளிதான் பொருத்தம், அதிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

வட்டக்கானல் எழுதியது:

93 டிகிரி விஷயம் இப்போதுதான் புரிகிறது, ரொம்ப நன்றி அக்கா. குக்கரில் வைக்கலாமா?

குன்னூர் கம்பளி எழுதியது:

வைக்கலாம், வெயிட் போட்ட குக்கருக்குள் நம் உயரத்திலும் 115 டிகிரியை ஒட்டிப் போகும், நேரம் பாதியாகக் குறையும். ஆனால் சாயத்துக்கென்று தனிக் குக்கர், அதில் மறுபடி சமையல் கூடாது. உருளை குட்டையாக இருக்கட்டும், தண்ணீருக்கு மேலே தட்டில் நிற்கட்டும், இலைத்துண்டோ நூலோ ஆவித்துளையை அடைத்துவிடாதபடி மேலே ஒரு துணியை இறுக்கிக் கட்டுங்கள். முழுசாக அடங்கும் முன் மூடியைத் தொடாதீர்கள்.

சின்னாளப்பட்டி சாயம் எழுதியது:

எனக்குக் குக்கரில் உடன்பாடில்லை. பட்டுத் துணியை அதில் போட்டால் பளபளப்புப் போய்விடுகிறது. பருத்திக்கு மட்டும் என்றால் சரி.

இன்னொன்று, விளிம்பு கலங்கினால் பழைய கலம்காரி (துணியில் கையால் வரைந்து சாயமேற்றும் கலை) வழி ஒன்று உண்டு. கருப்பூர்ப் பக்கமெல்லாம் துணியைக் கடுக்காயோடு எருமைப்பாலில் ஊறவைத்துக் காயவைப்பார்கள், பாலிலுள்ள கொழுப்பு மையைப் பரவவிடாது. பால் கொஞ்சம் வாடை அடிக்கும், வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். கொடைக்கானல் மூட்டத்தில் இது சிரமம்தான், வெயில் பார்த்துச் செய்யுங்கள்.

ஊட்டி பைண்டிங் எழுதியது:

காகிதத்துக்கு நான் சொல்கிறேன். ஒடிவதற்குக் காரணம் அன்னபேதி. இலையின் துவர்ப்போடு சேராமல் மிஞ்சிய இரும்பும், அதிலிருந்து வரும் கந்தக அமிலமும் ஈரக்காற்றில் நாரை மெல்ல அரிக்கின்றன. பழைய இரும்பு மை ஏடுகளில் எழுத்து இருந்த இடம் மட்டும் பொத்தலாகிப்போவது இதனால்தான்.

காகிதத்தில் அன்னபேதியை விட்டுவிடுங்கள். துருப்பிடித்த ஆணியை வினிகரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை நன்றாக நீர்த்து, இலையில் மட்டும் தடவி ஒற்றி வையுங்கள். காகிதம் முழுப் பருத்தியில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடிமன் இருந்தால் வேகும்போது கிழியாது. டைல்ஸ் துண்டுகளுக்கு நடுவே அடுக்கி இறுக்கிக் கட்டி வேகவையுங்கள். எடுத்ததும் தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, கடைசியாகக் கால்சியம் கார்பனேட் பவுடர் கலக்கிய தண்ணீரில் ஊறவிட்டுக் காயவையுங்கள், மிச்ச அமிலத்தை அது அடக்கும். சாக்பீஸ் பொடி வேண்டாம், அது பெரும்பாலும் ஜிப்சம், அமிலத்துக்கு உதவாது. நிறம் கொஞ்சம் மாறும், முதலில் ஒரு துண்டில் பாருங்கள்.

ஏற்கெனவே விற்ற அட்டைகளை வாங்கியவர்கள் தெரிந்தவர்கள் என்றால் சொல்லி மாற்றிக்கொடுங்கள். மற்ற புத்தகங்களோடு ஒட்டி வைக்க வேண்டாம் என்றாவது சொல்லுங்கள், பக்கத்துத் தாளுக்கும் பழுப்பு ஏறும்.

வட்டக்கானல் எழுதியது:

மாற்றிக்கொடுத்துவிடுகிறேன் அண்ணே, அதுதான் நியாயம். கடைசியாக ஒன்று, மிஞ்சும் தண்ணீரை என்ன செய்வது? வீட்டுக்குப் பின்னாலேயே ஓடை.

குன்னூர் கம்பளி எழுதியது:

ஓடையில் ஊற்றவே கூடாது, கீழே அதைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அன்னபேதியும் படிகாரமும் ஒரே தடவையில் தீர்ந்துவிடாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத் திரும்பப் பயன்படுத்தலாம். சோடா சேராத படிகாரத் தண்ணீர் மிஞ்சினால் நிறைய நீர்த்து ஹைட்ரேஞ்சியா வேரில் எப்போதாவது விடுங்கள், அந்தப் பூ நீலமாவதே அலுமினியத்தால்தான். பச்சை நன்றாக வரும் என்று யாராவது மயில்துத்தம் வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள், அதிலுள்ள செம்பு மீனுக்கு விஷம்.

அன்னபேதி ஜாடியில் பெயர் எழுதி ஒட்டி, சமையலறைக்கு வெளியே வையுங்கள். நாள்பட்டால் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிடும், குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் பூட்டியே வைக்க வேண்டும்.