'மனுஷ்யகேந்திரிதம்': தமிழில் எப்படி எழுதுவது?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறேன். மலையாளக் குறிப்பு ஒன்றைப் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதும்போது 'மனுஷ்யகேந்திரித சிந்த' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. யாரோ எழுதிவைத்த பழைய நோட்டில் 'மனிதநேயச் சிந்தனை' என்றிருக்கிறது. மனசு ஒப்பவில்லை. காடு அழிந்ததற்கே இந்தச் சிந்தனைதான் காரணம் என்கிறது அந்தப் பத்தி. மனிதநேயம் எப்படிக் காட்டை அழிக்கும்? சொல் எங்கிருந்து வந்தது?

எல்லைத்தமிழ்:
'மனித மையவாதம்' என்று எழுதுகிறார்கள் டீச்சர். மனுசனையே எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்துப் பார்ப்பது. மனிதநேயம் சக மனுசன்மேல் வைக்கிற அன்பு. அது வேறு.

வேலந்தாவளம் தோட்டக்காரன்:
உங்க மனசு ஒப்பாதது சரிதாங்க டீச்சர். ஆங்கிலத்தில் ஆந்த்ரோபோசென்ட்ரிசம். கிரேக்கத்தில் 'ஆந்த்ரோபோஸ்' மனிதன், 'கென்ட்ரோன்' கூர்முனை. மாட்டைக் குத்தி ஓட்டுற தார்க்குச்சிக்கும் அதுதான் பேர். வட்டம் போடும்போது காம்பஸில் ஊன்றி நிற்கிற முள்ளுக்கும் அதே பேராகி, கடைசியில் நடுப்புள்ளிக்கே ஆகிவிட்டது. அந்தச் சொல் கிரேக்க சோதிடத்தோடு சமஸ்கிருதத்துக்கு வந்து 'கேந்திரம்' ஆச்சு. ஜாதகத்தில் 1, 4, 7, 10 கேந்திர ஸ்தானம் என்கிறோமே, அதேதான். மலையாளத்துக் கேந்திரிதமும் ஆங்கிலச் சொல்லும் ஒரே முள்ளிலிருந்து வந்தவை.

எங்கப்பாவோட தார்க்குச்சி இன்னும் அட்டாலியில் கிடக்குது. மூங்கில் குச்சி, நுனியில் ஒரு ஆணி, பிடிக்கிற இடம் மட்டும் வழுவழுன்னு தேய்ஞ்சிருக்கும்.

வகுப்பில் 'களை'யை வைத்துச் சொல்லுங்க. கோரை தன்னளவில் ஒரு புல். என் வயலில் நின்றால்தான் அது களை. வாளையார் பக்கம் யானை வந்தால் 'ஊருக்குள் யானை அட்டகாசம்' என்று பேப்பரில் போடுகிறார்கள். யானை நடந்த தடத்தில் ஊர் எழுந்ததை அந்த வரி சொல்லாது. என் வாழையைப் பன்னி கிண்டிப்போட்ட அன்னிக்கு நானும் அப்படித்தான் பேசினேன். முள் நம்ம காலடியில் ஊன்றியிருக்கிற வரைக்கும் வட்டமும் நம்மைச் சுற்றியே விழும்.

எல்லைத்தமிழ்:
பழைய நோட்டில், மனிதநேயம் என்றும் மொழிபெயர்க்கிற ஹியூமனிசத்தோடு குழப்பியிருப்பார்கள். அந்தச் சொல்லின் ஜெர்மன் வடிவத்தை அந்நாட்டுக் கல்வியாளர் நீட்ஹாமர் 1808இல் கிரேக்க, லத்தீன் இலக்கியக் கல்வியைக் குறிக்கப் பயன்படுத்தினார்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
'மனித மையச் சிந்தனை' என்று திருத்திவிட்டேன். ஒன்பதாம் வகுப்புக்கு 'வாதம்' வேண்டாம். அண்ணா, அந்தத் தார்க்குச்சியைத் திங்கட்கிழமை ஒருநாள் தரமுடியுமா? காம்பஸ் பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டணும்.