ஐபிவி4 லைன் மேல் ஐபிவி6 டனல்: பிங் போகிறது, பெரிய பக்கங்கள் மட்டும் தொங்குகின்றன

கிளைரவுட்டர்:
தலைமை அலுவலகத்துக்கு ஐபிவி6 நேரடியாக வருகிறது. கிளையின் ப்ராட்பேண்ட் லைனில் ஐபிவி4 மட்டும்தான். பிபிபிஓஇ (ப்ராட்பேண்ட் லாகின் முறை) வழியாக ஒரு நிலையான பப்ளிக் முகவரி கிடைக்கிறது, நடுவில் முகவரியை மாற்றும் நாட் எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் சிஸ்கோ ஐஓஎஸ். தலைமையின் வான் (இணையப் பக்கத்து) முகவரி 192.0.2.10, கிளையுடையது 198.51.100.20 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டிலும் ஐபிவி6 யூனிகாஸ்ட் ரவுட்டிங்கை இயக்கியாயிற்று. டனல்0-இல் மோட் ஐபிவி6ஐபி (ஐபிவி6 பாக்கெட்டை ஐபிவி4-க்குள் வைத்து அனுப்புவது), சோர்ஸ் அந்தந்தப் பக்கத்து வான் இன்டர்ஃபேஸ், டெஸ்டினேஷன் எதிர்முனை முகவரி. டனலுக்கு ஒரு /64 முகவரித் தொகுதி, தலைமை ::1, கிளை ::2. கிளைக்கு அதைவிடப் பெரிய ஒரு /56 தொகுதி ஒதுக்கி, அதற்கான ஸ்டாட்டிக் ரூட் தலைமையில் இருக்கிறது. கிளையில் ::/0 (டீஃபால்ட் ரூட்) டனல்0-ஐப் பார்க்கிறது.

பிங், ட்ரேஸ்ரூட் எல்லாம் சரி. எஸ்எஸ்எச்-இல் லாகின் ஆகிறது, ஆனால் நீளமான அவுட்புட் வந்தால் அப்படியே உறைந்துவிடுகிறது. சில தளங்கள் திறக்கின்றன, சில டிஎல்எஸ் தொடக்கத்திலேயே நின்றுவிடுகின்றன. டனல் அப்/அப், எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) 1480 என்று காட்டுகிறது. லேன் இன்டர்ஃபேஸில் «ஐபி டிசிபி அட்ஜஸ்ட்-எம்எஸ்எஸ் 1420» (ஒரு டிசிபி துண்டின் உச்ச அளவைக் குறைக்கும் கட்டளை) போட்டும் மாற்றமில்லை. எங்கே பார்ப்பது? ஜிஆர்இ என்ற வேறு டனல் வகைக்கு மாறினால் தீருமா?

நூலாம்படை:
சின்ன பாக்கெட் போய், பெரியது காணாமல் போனால் எம்டியுதான். உங்கள் கணக்கில் எங்கே இடிக்கிறது என்று பாருங்கள்.

ஐபிவி6 பாக்கெட்டுக்கு வெளியே 20 பைட் ஐபிவி4 ஹெட்டர் ஏறுகிறது. சாதாரண ஈதர்நெட்டில் 1500-20, அதனால் டனலுக்கு 1480. ஆனால் உங்கள் கிளை லைன் பிபிபிஓஇ. அது 8 பைட்டைத் தின்றுவிட்டு 1492 மட்டும் தருகிறது. எனவே டனலில் நிஜமாகக் கொள்வது 1472. தலைமை ரவுட்டருக்கு இது தெரியாது. அதன் வான் போர்ட் 1500, அதை வைத்து 1480 என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

இணையத்திலிருந்து ஒரு சர்வர் 1500 பைட் பாக்கெட் அனுப்பினால், தலைமை ரவுட்டர் «பாக்கெட் டூ பிக், 1480» என்று ஐசிஎம்பிவி6 (பிழை அறிவிக்கும் செய்தி) டைப் 2-ஐத் திருப்பி அனுப்பும். சர்வர் ஒழுங்காக 1480-க்கு இறங்கும். அதற்கு மேல் 20 சேர்ந்தால் மறுபடி 1500. கிளை லைனின் வாயிலில் 1492-க்குள் அது நுழையாது. அங்கே துண்டாக்கப்பட்டு வழியிலுள்ள ஃபயர்வால் துண்டுகளைத் தூக்கி எறியும். அல்லது டிஎஃப் பிட் («துண்டாக்காதே» என்ற குறி) இருந்தால் அங்கேயே விழும். விழுந்த செய்தி ஐபிவி4 ஐசிஎம்பியாக (டைப் 3, கோட் 4) டனல் முனைக்கு, அதாவது தலைமை ரவுட்டருக்குத்தான் போகும்; சர்வருக்குப் போகாது. பல கருவிகள் அந்தச் செய்தியில் ஐபிவி4 ஹெட்டருக்குப் பின் 8 பைட் மட்டுமே சேர்த்து அனுப்புகின்றன. அதற்குள் உள்ளே இருந்த ஐபிவி6 முகவரியே இருக்காது. ரவுட்டர் யாரிடம் சொல்லும்? ஆர்எஃப்சி 4213 தரநிலை ஆவணத்திலேயே இந்தச் சிக்கல் எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் அளந்து பாருங்கள். கிளை ரவுட்டரிலிருந்து 192.0.2.10-க்கு டிஎஃப் பிட்டோடு பிங், சைஸ் 1500. விழும். 1492 போகும் என்று எதிர்பார்க்கிறேன். சிஸ்கோவில் சைஸ் என்பது ஹெட்டரும் சேர்ந்த மொத்த அளவு. லினக்ஸிலும் விண்டோஸிலும் கொடுக்கும் எண் உள்ளடக்கம் மட்டும், அதோடு 28 கூடும்; 1492-க்கு அங்கே 1464 கொடுக்க வேண்டும். இந்த 28-ஐ மறந்து தப்பான எம்டியு போட்டுவிட்டு வருபவர்கள் ஏராளம்.

அளந்த பிறகு, இரண்டு முனையிலும் டனல்0-இல் «ஐபிவி6 எம்டியு 1472». கிளையில் மட்டும் போட்டால் டவுன்லோட் பக்கம் அப்படியே கிடக்கும், பெரிய பாக்கெட் வருவதே அந்தப் பக்கத்திலிருந்துதான்.

அடுத்தது எம்எஸ்எஸ். ஐபிவி6 ஹெட்டர் 40, டிசிபி 20; 1472-60 = 1412. நீங்கள் போட்ட கட்டளை ஐபிவி4-க்கு உரியது. «ஐபிவி6 டிசிபி அட்ஜஸ்ட்-எம்எஸ்எஸ் 1412» தனியாக இருக்கிறது. அதை டனல்0-இல் ஒரு முனையில் போட்டாலே போதும். இணைப்பைத் தொடங்கும் இரு திசை சின் பாக்கெட்டையும் அது திருத்தும்.

எம்எஸ்எஸ் திருத்தம் டிசிபிக்கு மட்டும். யுடிபிக்கு ஐசிஎம்பிவி6 டைப் 2 தடையின்றிப் போய்ச் சேர வேண்டும். எந்த ஏசிஎல்லிலும் (வடிகட்டும் விதிப் பட்டியல்) அதை அடைக்காதீர்கள். கிளையின் லேன் இன்டர்ஃபேஸிலும் ஐபிவி6 எம்டியு 1472 வைத்தால் ரவுட்டர் அட்வர்டைஸ்மென்டில் அது போய், கணினிகள் தாங்களாகவே அளவைக் குறைத்துக்கொள்ளும்.

சில தளங்கள் திறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் க்விக் (யுடிபி மேல் ஓடும் வலை புரோட்டோகால்). அதன் முதல் பாக்கெட்டுகள் 1200 பைட் அளவில் தொடங்கி, பாதை தாங்கும் என்று சோதித்த பிறகே பெரிதாகும். அதனால் ஓட்டை இருந்தும் தப்பித்துவிடுகிறது. ப்ரவுசரை வைத்து டனலைச் சோதிக்காதீர்கள். லினக்ஸ் கணினியிலிருந்து ஐபிவி6 பிங், துண்டாக்கத் தடையோடு, அளவு 1424 (அதோடு 48 சேர்ந்தால் 1472) போக வேண்டும், 1425 போகக்கூடாது. பழைய அளவு ரூட் கேஷில் 10 நிமிடம் வரை ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத் துடைத்துவிட்டுச் சோதியுங்கள்.

பொட்டலக்காரன்:
மேலே சொன்னதுதான் காரணம். «டனல் அப்/அப்» பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இந்த வகை டனலில் அப் என்றால் சோர்ஸ் இன்டர்ஃபேஸ் உயிரோடிருக்கிறது, டெஸ்டினேஷனுக்கு ஒரு ரூட் இருக்கிறது, அவ்வளவே. ரூட்டுக்கு டீஃபால்ட் ரூட்டே போதும். எதிர்முனை ரவுட்டரின் கரண்ட்டைப் பிடுங்கினாலும் அப்/அப் என்றே காட்டும்.

பிங்கே போகாத ஆட்கள் இந்த இழையைத் தேடி வந்தால்: இது ஐபி புரோட்டோகால் எண் 41. போர்ட் எண் அல்ல. மோடத்தில் டிசிபி 41, யுடிபி 41 இரண்டையும் ஃபார்வர்ட் செய்துவிட்டு «வேலை செய்யவில்லை» என்று கேட்பது வாராவாரம் நடக்கிறது. போர்ட்டே இல்லாததால் ஒரு பப்ளிக் முகவரியைப் பலர் பகிரும் நாட் அதைப் பிரித்துக் கொடுக்க முடியாது. உங்கள் வான் முகவரி 100.64.0.0/10-க்குள் (ப்ரொவைடர் பகிர்ந்து கொடுக்கும் நாட் முகவரிகள்) இருந்தால் இந்த வழியை விட்டுவிட்டு யுடிபி மேல் போகும் வயர்கார்டு மாதிரி ஒன்றுக்குப் போங்கள்.

வீட்டு நாட்டுக்குப் பின்னால் லினக்ஸ் சிட் டனல் (இதே வகைக்கு லினக்ஸில் உள்ள பெயர்) என்றால், லோக்கல் முகவரியாகப் பிரைவேட் முகவரியைக் கொடுக்க வேண்டும், பப்ளிக்கை அல்ல. நாட் பெட்டியும் லினக்ஸாக இருந்தால், பேச்சில்லாத இணைப்பை இயல்பாக 600 வினாடியில் மறந்துவிடும். அதற்குப் பின் வெளியிலிருந்து வருவது எதுவும் நுழையாது, உள்ளிருந்து ஒரு பிங் போனதும் உயிர் வரும். நிமிடத்துக்கு ஒரு பிங் ஓடவிட்டால் சரி.

சந்தேகம் இருந்தால் இரு முனை வான் போர்ட்டிலும் புரோட்டோகால் 41-ஐ மட்டும் வடிகட்டி டிசிபிடம்ப் பாருங்கள். ஒரு பக்கம் கிளம்பியது மறுபக்கம் தென்படாவிட்டால் நடுவில் யாரோ அடைக்கிறார்கள். கான்ஃபிகை மாற்றி மாற்றிப் பயனில்லை.

கிளைரவுட்டர்:
டிஎஃப் பிங் 1492 போகிறது, 1493 விழுகிறது. இரண்டு முனையிலும் 1472, எம்எஸ்எஸ் 1412 போட்டபின் எஸ்எஸ்எச் உறையவில்லை, நின்ற தளங்களும் வருகின்றன. எதிர்முனை செத்தால் தெரிய ரவுட்டிங் புரோட்டோகால் ஓட்ட நினைக்கிறேன். அதற்காகவாவது ஜிஆர்இ வேண்டுமா? 6டு4 என்ற தானியங்கி டனல் எளிது என்றும் ஒருவர் சொன்னார்.

நூலாம்படை:
6டு4 பக்கம் போகாதீர்கள். அது நம்பியிருந்த 192.88.99.1 எனிகாஸ்ட் (பலர் பகிரும் பொது முகவரி) ரிலேயை 2015-இல் ஆர்எஃப்சி 7526 கைவிட்டுவிட்டது.

ஓஎஸ்பிஎஃப்வி3 ரவுட்டிங் புரோட்டோகாலுக்கு ஜிஆர்இ தேவையில்லை, ஐபிவி6 மேலேயே அது ஓடுகிறது. இயல்பாக 10 வினாடிக்கு ஒரு ஹலோ, 40 வினாடி எதுவும் வராவிட்டால் டெட். எதிர்முனை போனால் 40 வினாடிக்குள் ரூட் விலகும். இரு முனையிலும் எம்டியு ஒன்றாக இல்லாவிட்டால் இரு ரவுட்டரும் இணையாமல் எக்ஸ்ஸ்டார்ட் நிலையில் மாட்டிக்கொள்ளும். டனலின் இயல்பு பேண்ட்விட்த் மிகக் குறைவாக இருப்பதால் காஸ்ட் (பாதையின் விலை எண்) கன்னாபின்னாவென்று வரும், கையால் கொடுங்கள்.

ஐஎஸ்-ஐஎஸ் என்ற ரவுட்டிங் புரோட்டோகால் என்றால்தான் ஜிஆர்இ கட்டாயம். அது ஐபிக்குள் ஏறாது, புரோட்டோகால் 41-இல் ஐபிவி6 தவிர எதுவும் போகாது. ஐபிவி4-ஐயும் அதே டனலில் அனுப்ப வேண்டுமானாலும் ஜிஆர்இதான். ஓவர்ஹெட் 24 ஆகும்: உங்கள் லைனில் எம்டியு 1468, எம்எஸ்எஸ் 1408. அப்போது எதிர்முனையின் வான் முகவரியை டனல் வழியாகவே கற்றுக்கொள்ள விடாதீர்கள், டனல் தன்னையே விழுங்கி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

சுவரெழுப்பி:
ஓடுகிறது என்றதும் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள், அதனால் இரண்டு விஷயம்.

கிளைக்கு /56 கொடுத்திருக்கிறீர்கள், அதில் ஒன்றிரண்டு /64 தான் பயன்பாட்டில் இருக்கும். மீதி முகவரிக்கு யாராவது பாக்கெட் அனுப்பினால் தலைமை அதைக் கிளைக்குத் தள்ளும். கிளை டீஃபால்ட் ரூட்டைப் பார்த்துத் திரும்பத் தலைமைக்கே தள்ளும். ஹாப் லிமிட் தீரும்வரை ஒரே பாக்கெட் டனலில் முன்னும் பின்னும் ஓடும். ப்ராட்பேண்ட் லைனை அடைக்க இது போதும். கிளை ரவுட்டரில் அந்த /56 முழுவதற்கும் நல்0-க்கு (வருவதை எறிந்துவிடும் போலி இன்டர்ஃபேஸ்) ஒரு ஸ்டாட்டிக் ரூட் போடுங்கள். நிஜ /64-கள் இன்னும் குறிப்பாக இருப்பதால் அவை பாதிக்கப்படாது. டனல் /64-இலும் ::1, ::2 தவிர்த்த முகவரிகளுக்கு இதே ஆட்டம் நடக்கலாம். /127 ஆக்கிவிடுங்கள், ஆர்எஃப்சி 6164 ரவுட்டர் இணைப்புகளுக்கு அதைத்தான் சொல்கிறது. ::1-உம் ::2-உம் ஒரே /127-க்குள் வராது, ::2-உம் ::3-உமாக மாற்ற வேண்டும்.

இரண்டாவது, ஐபிவி4 ஃபயர்வால் விதி எதுவும் டனலுக்குள் எட்டாது. நாட்டுக்குப் பின் ஒளிந்திருந்த ப்ரின்டர், கேமரா எல்லாம் இப்போது நேரடி முகவரியோடு நிற்கின்றன. கிளையின் டனல்0-இல் உள்வரும் திசைக்கு ஐபிவி6 ட்ராஃபிக்-ஃபில்டர் வேண்டும். கடைசியில் வெளிப்படையாக டினை எழுதினால், மறைவாக இருந்த நெய்பர் டிஸ்கவரி (என்டி, பக்கத்து முகவரியைக் கண்டறிவது) அனுமதி பலிக்காமல் போகும். என்டி-என்ஏ, என்டி-என்எஸ், பாக்கெட்-டூ-பிக் மூன்றையும் அதற்கு மேலே பெர்மிட் செய்யுங்கள். வான் பக்கத்து ஐபிவி4 ஏசிஎல்லில் புரோட்டோகால் 41-ஐ எதிர்முனை முகவரியிலிருந்து மட்டும் விடுங்கள். சோர்ஸ் முகவரியைப் பொய்யாகப் போட்டு வருபவனை அது தடுக்காது, குறியாக்கமும் இதில் கிடையாது. உள் ஃபைல் சர்வர் போக்குவரத்து இதில் போகுமானால் மேலே ஐபிசெக் குறியாக்கம் போட்டுவிட்டு, எம்டியுவை மறுபடி அளக்க வேண்டும். ஐபிசெக்கின் ஈஎஸ்பி உறை எடுக்கும் பைட் சைஃபரைப் பொறுத்து மாறும் என்பதால் 1472 அங்கே செல்லாது.