தம்புரா நாதத்துக்கு எந்த அடிட்டிவ் சின்த் நல்லது?

கேள்வி: அடிட்டிவ் சின்த் (சைன் அலைகளைக் கூட்டி ஒலி உண்டாக்கும் மென்பொருள்) முறையில் தம்புரா நாதத்தைக் கட்ட ஒரு மாதமாக முயல்கிறேன். குதிரைமேல் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூல் சரியாக அமைந்ததும் மேல்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்புமே, அந்த நகர்வுதான் எனக்கு உயிர். ஃபில்டர் வைத்த சின்த்தில் எல்லாம் சேர்ந்தே மங்கிவிடுகிறது. விண்டோஸ் லேப்டாப். எதை வாங்கலாம்?

பதில்: காசு போடுமுன் ஸின்ஆட்சப்எஃப்எக்ஸ் (ZynAddSubFX) என்ற சின்த்தைப் பாருங்கள், இலவசம். ஓர் ஆஸிலேட்டரில் (ஒலி அலையை உண்டாக்கும் பகுதி) 128 ஹார்மானிக், அதாவது மேல்சுரம், வரை அளவு மாற்றலாம். அதிலுள்ள பேட்சின்த் (PADsynth) பகுதி ரீங்காரத்துக்கு அருமை. ஆனால் ஒவ்வொரு மேல்சுரத்துக்கும் தனி என்வலப் (அது எழுந்து அடங்கும் வடிவம்) வராது. உங்களுக்கு அதுதானே முக்கியம்?

பதில்: அப்படியானால் ஹார்மர் (Harmor) என்ற சின்த். ஒரு வாய்ஸுக்கு 516 பார்ஷியல், அதாவது தனித்தனி சைன் அலைகள். தம்புராப் பதிவை உள்ளே போட்டால் பிரித்து, திரும்பக் கட்டித் தரும். ஆல்கெமி (Alchemy) என்ற சின்த்தும் நல்லதுதான், ஆனால் 2015-இல் ஆப்பிள் வாங்கியபின் விண்டோஸில் கிடைப்பதில்லை.

கேட்டவர்: ஹார்மர் டெமோவில் தம்புராவின் சாரணித் தந்தியை (நடுத்தந்தி) மட்டும் தனியே பதிந்து போட்டேன். ஐந்தாம் மேல்சுரம், ஆறாம் மேல்சுரம் என வரிசையாக மலர்ந்தன. கண் கலங்கிவிட்டது. வாங்குகிறேன். அடுத்து மந்தரத் தந்தி (கீழ் ஸட்ஜம்).